பெருமளவில் வலைப்பக்கங்களைத் திரட்டும் கிரோலரை வேகப்படுத்துவது எப்படி?

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்துக்கொண்டு, இறுதியாண்டு ஆய்வுக்காகத் தமிழ்ப் பக்கங்களைத் திரட்டத் தொடங்கும் ஒருவர் எழுதுகின்ற முதல் கிரோலர் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். பட்டியலில் இருந்து ஒரு முகவரியை எடுக்கும், பக்கத்தை இறக்கும், அதற்குள் இருக்கும் லிங்குகளைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கும், பிறகு அடுத்த முகவரிக்குப் போகும். சில ஆயிரம் பக்கங்களுக்கு இது தாராளமாகப் போதும். பத்து இலட்சம் பக்கங்கள் வேண்டும் என்ற நிலை வந்ததும் வேகம் போதாமல் போகிறது. புதுக் கணினி வாங்கலாமா, பெரிய இணையப் பொதிக்கு மாறலாமா என்ற யோசனை எழுகிறது. பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னர், கிரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியின் பாவனை அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிபியூ ஏறத்தாழச் சும்மா இருக்கும். இணைப்பின் கொள்ளளவில் ஒரு சிறு பங்குதான் பயன்பட்டிருக்கும். தொலைவில் உள்ள சேர்வர்களின் பதிலுக்காகக் காத்திருப்பதிலேயே கிரோலரின் நேரம் பெரும்பாலும் கழிகிறது. கீழே சொல்லப்படும் படிகளில் அநேகமானவை அந்தக் காத்திருப்பை ஒழுங்குபடுத்துவது பற்றியவைதான்.

தொடங்குமுன் ஒரு கேள்வி

நீங்கள் திரட்ட எண்ணும் பக்கங்கள் ஏற்கெனவே வேறொருவரால் திரட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கொமன் கிரோல் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு தான் திரட்டிய பக்கங்களை எவரும் எடுக்கக்கூடியவாறு வெளியிடுகிறது. குறித்த ஒரு தளத்தின் பக்கங்கள் அதில் உள்ளனவா என்பதை அதன் சுட்டியில் தேடி, வேண்டிய துண்டை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியாவைக் கிரோலர் கொண்டு திரட்டுவது வீண் வேலை. முழு உள்ளடக்கமும் இறக்கத்தக்க கோப்பாகவே கிடைக்கிறது. மிகுதியாக உள்ள தளங்களுக்குச் சைற்மப் கோப்பு, அதாவது தளத்தாரே தரும் பக்க முகவரிப் பட்டியல், இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பொன்றில் 50,000 முகவரிகள் வரை இருக்கலாம். பல தளங்களில் ஒவ்வொரு முகவரியும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற திகதியும் சேர்ந்திருக்கும். லிங்குகளைத் தொடர்ந்து போய் மூன்று நாளில் கண்டுபிடிப்பதை அது மூன்று நிமிடத்தில் கையில் தந்துவிடும்.

முதற்படி: ஒரு கோரிக்கையைப் பிரித்து அளத்தல்

ஒரு பக்கத்தை இறக்குவதற்கு எடுக்கும் நேரத்தை ஒரே எண்ணாகப் பார்த்தால் எதுவும் விளங்காது. பெயரைத் தேடி ஐபி முகவரியைப் பெறுதல், டிசிபி இணைப்பை ஏற்படுத்தல், டிஎல்எஸ் மறையாக்கத்துக்கான பேச்சு, சேர்வர் முதல் பைட்டை அனுப்பும் வரையான காத்திருப்பு, உள்ளடக்கம் வந்து முடிதல் என்று அதைப் பிரிக்க வேண்டும். கேர்ல் என்னும் கட்டளைக் கருவி இந்த நேரங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அச்சிட்டுக் காட்டும். உங்கள் பட்டியலில் இருந்து இருபது முப்பது தளங்களை எடுத்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பில் இருந்து அமெரிக்காவில் உள்ள ஒரு சேர்வருக்குப் போய் வர ஒரு செய்திக்குக் கால் வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.2 என்றால் அதற்கு இரண்டு சுற்று, கோரிக்கைக்கும் பதிலுக்கும் ஒரு சுற்று என்று மொத்தம் நான்கு சுற்றில் ஒரு வினாடி போய்விடுகிறது. இதில் சேர்வர் பக்கத்தை உருவாக்கும் நேரம் சேரவில்லை. 2018 இல் வெளியான டிஎல்எஸ் 1.3 ஒரு சுற்றைக் குறைக்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மீண்டும் பயன்படுத்தினால் மிஞ்சுவது ஒரேயொரு சுற்றுத்தான். பொதியின் வேகத்தை இரட்டிப்பாக்குவதனால் இந்தக் கால் வினாடி குறையாது. அது தூரத்தினால் வருவது. ஒளியிழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடாது.

இரண்டாம் படி: கணக்கைப் போடுதல்

புதியவர்கள் தவறாமல் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். என் பார்வையில் மற்ற எல்லாப் படிகளையும் விட இதுவே முக்கியமானது.

ஒரு தளத்தை வினாடிக்கு ஒரு தடவைக்கு மேல் தட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டால், அந்தத் தளத்தில் இருந்து ஒரு நாளில் எடுக்கக்கூடிய ஆகக் கூடிய தொகை 86,400 பக்கங்கள். உங்களிடம் எந்தக் கணினி இருந்தாலும் இந்த எண் மாறாது. இப்போது 300 தளங்கள் கொண்ட ஒரு பட்டியலை எடுப்போம். அவற்றில் 290 தளங்கள் தலைக்கு 2,000 பக்கங்கள் கொண்ட சிறியவை. மீதிப் பத்தும் தலைக்கு ஒரு இலட்சம் பக்கங்கள் கொண்ட பெரிய செய்தித் தளங்கள். மொத்தம் 15 இலட்சத்து 80 ஆயிரம் பக்கங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் முதல் அரை மணித்தியாலம் வினாடிக்கு 300 பக்கங்கள் என்று பறக்கும், சிறிய தளங்கள் எல்லாம் முடிந்துவிடும், அதன் பிறகு மிச்சம் இருக்கும் பத்துத் தளங்களும் வினாடிக்குப் பத்துப் பக்கம் என்ற கணக்கில் 27 மணித்தியாலத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த முதல் அரை மணித்தியாலத்துக்காகப் பெரிய கணினியும் பெரிய இணைப்பும் வாங்கினாலும் முழு வேலை முடியும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையப்போவதில்லை.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பெரிய தளங்கள் பத்தும் ஒரு இலட்சம் வினாடி, அதாவது ஏறத்தாழ 28 மணித்தியாலம் எடுத்தே தீரும். அவற்றை முதல் நிமிடத்திலேயே தொடங்கி, இடையில் ஒரு வினாடியும் சும்மா நிற்கவிடாமல் ஓட்டிக்கொண்டு, சிறிய தளங்களை அந்த 28 மணித்தியாலத்துக்குள் பரவலாக இட்டு நிரப்பினால், வினாடிக்கு 16 பக்கங்கள் எடுத்தாலே எல்லாம் ஒன்றாக முடியும். ஒரு பக்கம் சுருக்கப்பட்ட நிலையில் 25 கிலோபைட் என்றால் அதற்கு வேண்டியது வினாடிக்கு 400 கிலோபைட், அதாவது மூன்று மெகாபிட்டைச் சற்றுத் தாண்டிய இணைப்பு. கல்லடியில் ஒரு வீட்டில் உள்ள சாதாரண ஃபைபர் இணைப்பே இதற்குப் போதும். கவனிக்க வேண்டியது மொத்த அளவைத்தான்: ஏறத்தாழ 40 ஜிகாபைட் ஆகிறது. ஆகவே மாதப் பொதியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும், இரவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டா என்பதையும் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் திறந்திருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு நேரடிக் கணக்கு உண்டு. ஜோன் லிட்டில் 1961 இல் நிறுவிய விதியின்படி, வினாடிக்கு வேண்டிய பக்கங்களை ஒரு பக்கத்துக்கு ஆகும் சராசரி நேரத்தால் பெருக்கினால் அந்த எண் வரும். வினாடிக்கு 16 பக்கம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வினாடி என்றால் 32. ஐந்நூறு, ஆயிரம் என்று வைத்து வீட்டு ரவுட்டரைத் திணறடிக்க வேண்டிய தேவை இல்லை. மலிவான ரவுட்டர்கள் பல நூறு இணைப்புகளைத் தாங்காமல் வீட்டில் உள்ள மற்றவர்களின் இணையத்தையும் சேர்த்து முடக்கிவிடும்.

மூன்றாம் படி: வரிசையை மாற்றியமைத்தல்

மேலே சொன்ன ஒழுங்கு ஒரே பட்டியலைக் கொண்டு வராது. ஒரு செய்தித் தளத்தின் முகப்புப் பக்கத்தில் இருந்து அதே தளத்தின் இருநூறு லிங்குகள் அடுத்தடுத்துப் பட்டியலில் விழும்; கிரோலர் அவற்றை வரிசையாக எடுத்தால் ஒன்றில் அந்தத் தளத்தை மொத்தமாகத் தாக்கும், அல்லது இடைவெளிக்காகக் காத்துக்கொண்டு மற்றத் தளங்களையும் நிறுத்திவைக்கும்.

இதற்கான தீர்வு 1999 இல் ஹெய்டனும் நஜோர்க்கும் விவரித்த மெர்க்கேட்டர் கிரோலரிலேயே இருக்கிறது. இன்று வரை அதைப் பெரிதாக மாற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை. தளத்துக்கு ஒரு தனி வரிசை வையுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் “அடுத்து எப்போது தட்டலாம்” என்ற நேரத்தைக் குறித்து, அந்த நேரங்களை ஒரு ஹீப்பில், அதாவது ஆக முந்திய நேரம் எப்போதும் உச்சியில் நிற்கும் அடுக்கில், இடுங்கள். சும்மா இருக்கும் ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து ஓடும் தனிப் பணி) ஹீப்பின் உச்சியில் இருக்கும் தளத்தை எடுக்கும், ஒரு பக்கத்தை இறக்கும், அடுத்த நேரத்தைக் கணித்து மீண்டும் உள்ளே இடும். நம் வட்டைகளில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று வட்டவிதானை முறை வைத்து நடத்துவதைப் போன்றதே இந்த ஹீப்பின் வேலை. த்ரெட்டுகளைப் போல மூன்று மடங்கு வரிசைகள் உயிரோடு இருப்பது நல்லது என்பது மெர்க்கேட்டரை ஆக்கியவர்களின் பரிந்துரை.

இடைவெளி எவ்வளவு? கடைசிப் பக்கம் வர எடுத்த நேரத்தைப் போல பத்து மடங்கு காத்திருப்பது மெர்க்கேட்டர் கைக்கொண்ட வழி. சேர்வர் களைத்திருந்தால் தானாகவே இடைவெளி கூடும் என்பது இதன் சிறப்பு. பெரிய தளங்களுக்கு ஒரு வினாடி என்று வைத்து, சிறிய தளங்களுக்கு இந்தப் பத்து மடங்கு முறையைப் பாவிப்பதே என் தெரிவு. பாடசாலை, கோயில், பள்ளிவாசல், ஊர்ச் சங்கம் ஆகியவற்றின் பக்கங்கள் பெரும்பாலும் பலருக்குப் பொதுவான மலிவு விலை ஹோஸ்ட்டிங்கில் இருப்பவை. பெயர்கள் வேறாக இருந்தாலும் பின்னால் நிற்பது ஒரே இயந்திரமாக இருக்கக்கூடும். ஆகவே பெயருக்கு ஒரு கட்டுப்பாடும் ஐபி முகவரிக்கு இன்னொரு கட்டுப்பாடும் வையுங்கள். தளங்களுக்கு முன்னால் நின்று பதில் தரும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைகளுக்குப் பின்னால் இருக்கும் தளங்களுக்கு மட்டும் ஐபி கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம், ஏனெனில் அங்கே ஒரே ஐபியின் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பற்ற எண்ணற்ற தளங்கள் இருக்கின்றன.

கிரோலர் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தளத்தார் எழுதி வைக்கும் ரோபோட்ஸ் கோப்பை மதிப்பது பற்றித் தயக்கமே வேண்டாம். 1994 இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த அந்த வழக்கம் 2022 இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணைய நியமமாக முறைப்படுத்தப்பட்டது. கோப்பு இல்லை என்று 404 வந்தால் தளத்தை எடுக்கலாம். சேர்வரின் கோளாற்றைக் குறிக்கும் 500 வகைப் பிழை வந்தால் தளம் முழுவதும் தடுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். எடுத்த கோப்பை 24 மணித்தியாலத்துக்கு மேல் நம்பியிருக்கக் கூடாது. கிரோல் இடைவெளியைக் குறிக்கும் வரி அந்த நியமத்தில் இல்லை என்றாலும், ஒரு தளத்தார் எழுதி வைத்திருந்தால் அதன்படியே நடவுங்கள். கோரிக்கைகள் கூடிவிட்டன என்னும் 429, அல்லது இப்போதைக்கு இயலாது என்னும் 503 வந்தால் உடன் வரும் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். நேரம் தரப்படாவிட்டால் அந்தத் தளத்தின் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். கிரோலரின் அடையாள வரியில் உங்கள் மின்னஞ்சல் இருக்கட்டும். தடை செய்யப்பட்டுவிட்ட தளத்தில் இருந்து கிடைக்கும் பக்கங்கள் பூச்சியம் என்பதால், இவை எல்லாம் மரியாதை என்பதோடு வேகத்துக்கும் உதவுபவைதான்.

நான்காம் படி: பெயர் தேடலும் இணைப்பும்

மெர்க்கேட்டரில் டிஎன்எஸ் தேடலை, அதாவது தளத்தின் பெயருக்குரிய ஐபி முகவரியைத் தேடுவதை, அளந்தபோது ஒவ்வொரு த்ரெட்டின் நேரத்திலும் 87 வீதம் அதிலேயே போவது தெரிந்தது. சொந்தமாக ஒரு தேடல் பகுதியை எழுதியதும் அது 25 வீதமாகக் குறைந்தது. நீங்கள் எழுதத் தேவையில்லை. அன்பவுண்ட் போன்ற ஒரு டிஎன்எஸ் மென்பொருளை உங்கள் கணினியிலேயே நிறுவி, கிரோலரை அதனிடம் கேட்கச் செய்தால் போதும். பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கையாள உதவும் பைத்தனின் அசிங்க்ஐஓவில் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: சாதாரணமாகப் பெயர் தேடல் அங்கே ஒரு சிறு த்ரெட் கூட்டத்துக்குள்தான் நடக்கிறது. மெதுவான பெயர்கள் சில அதை நிரப்பிவிட்டால் மற்றவை எல்லாம் பின்னால் நிற்கும்.

இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதற்கும் இடைவெளி விடுவதற்கும் இடையே ஒரு முரண் இருக்கிறது. அப்பாச்சி சேர்வர் மாற்றப்படாத அமைப்பில் சும்மா கிடக்கும் இணைப்பை 5 வினாடியில் மூடிவிடும். என்ஜின்எக்ஸ் 75 வினாடி பொறுக்கும். நீங்கள் பத்து வினாடி இடைவெளி விட்டால், முதலாவதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகக் கைகுலுக்க வேண்டி வரும். சிறிய தளத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு இலட்சம் பக்கங்கள் உள்ள தளத்தில் இடைவெளி ஓரிரு வினாடிக்குள் இருப்பதால் அங்கே இணைப்பை மீளப் பயன்படுத்துவது நிச்சயம் பலன் தரும்.

காலக்கெடு வைக்காத கிரோலர் என்றோ ஒரு நாள் உறைந்து நிற்கும். பைத்தனின் ரிக்குவெஸ்ட்ஸ் நூலகம் தானாகக் காலக்கெடு எதையும் வைப்பதில்லை. நீங்கள் 15 வினாடி என்று கொடுத்தாலும் அது இரண்டு துண்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தையே அளக்கிறது. பத்து வினாடிக்கு ஒரு பைட் என்று சொட்டிக்கொண்டிருக்கும் சேர்வர் உங்கள் த்ரெட்டை நாள் முழுவதும் பிடித்துவைத்திருக்க முடியும். மொத்த நேரத்துக்கும் மொத்த அளவுக்கும் தனித்தனியாக வரம்பு வையுங்கள். ஸ்கிரேப்பி என்ற பைத்தன் கிரோலர் கருவியில் தொடக்க அமைப்பு 180 வினாடி. பல தளங்களில் பரந்து ஓடும் கிரோலுக்கு 15 போதும் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

ஐந்தாம் படி: ஒரே பக்கத்தை மறுபடி எடுக்காதிருத்தல்

எடுக்காமல் விட்ட பக்கம்தான் ஆக வேகமாக எடுத்த பக்கம். தமிழ்த் தளங்களில் இந்தப் படிக்குக் கூடுதல் கவனம் தேவை. “மட்டக்களப்பு” என்ற சொல் முகவரியில் வந்தால், பார்வைக்கு எட்டு எழுத்தாக இருப்பது யூனிகோட்டில் 12 குறியீடுகள். யூடிஎஃப்-8 இல் 36 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டையும் ஒரு % குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக விழுக்காட்டுக் குறியிட்டு எழுதும்போது 108 எழுத்துகள். அந்த 108 எழுத்துகளை ஒரு தளம் பெரிய எழுத்துப் பதினறும எண்களாலும் இன்னொரு தளம் சிறிய எழுத்தாலும் எழுதும். மூன்றாவது தளம் தமிழை அப்படியே விட்டுவிடும். மூன்றும் ஒரே பக்கத்துக்கான முகவரிகள். இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் “கொக்கட்டிச்சோலை” போன்ற சொற்களில் இருக்கிறது: “கொ” என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு எதுவும் தெரியாது. கிரோலருக்கு அவை இரண்டு முகவரிகள்.

ஆகவே ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு ஒப்பீட்டு வடிவத்தை உருவாக்குங்கள். விழுக்காட்டுக் குறிகளை அவிழ்த்து, இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட்டின் என்எஃப்சி முறைக்கு மாற்றி, மீண்டும் ஒரே முறையில் குறியிட்டு, பக்கத்துக்குள் இடத்தைக் காட்டும் துண்டையும் விளம்பரத் தடம் காட்டும் பகுதிகளையும் நீக்கிவிடுங்கள். இந்த வடிவம் “இது முன்பு வந்ததா” என்று பார்ப்பதற்கு மட்டுமே. சேர்வருக்கு அனுப்பும்போது லிங்கில் இருந்தபடியே அனுப்புங்கள், ஏனெனில் சில சேர்வர்கள் பைட்டுக்குப் பைட் பொருந்தினால்தான் பக்கத்தைத் தரும். முடிவில்லாமல் முன்னும் பின்னும் போகும் நாட்காட்டிப் பக்கங்கள், வேர்ட்பிரஸ் தளங்களில் ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் பதில் எழுத வைத்திருக்கும் லிங்க் ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள்.

நினைவகத்தைப் பொறுத்தவரை, ஒரு கோடி முகவரிகள் வரை சிக்கலான எதுவும் வேண்டாம். முகவரிகளைச் சுருக்கிய எண்களான 64 பிட் ஹாஷ்களை எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைத்தாலே ஓடும். பத்துக் கோடியை நெருங்கும்போதுதான், ஒன்று முன்பு வந்ததா என்பதை மிகச் சிறிய இடத்தில் நினைவில் வைக்கும் புளூம் ஃபில்டர் பற்றி யோசிக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று தவறாக “வந்துவிட்டது” என்று சொல்வதைப் பொறுத்துக்கொண்டால், பத்துக் கோடி முகவரிகளை ஏறத்தாழ 120 மெகாபைட்டில் அது அடக்கிவிடும்.

ஆறாம் படி: இறக்குவதையும் பிரிப்பதையும் வேறாக்குதல்

பக்கத்தை இறக்கும் நிரலிலேயே உரையைப் பிரித்தெடுக்கும் வேலையையும் செய்தால், சிபியூ பிரிப்பதில் மூழ்கியிருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்த பதில்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கும். இறக்கியதை அப்படியே சேமியுங்கள். லிங்குகளை மட்டும் உடனே எடுங்கள். மற்ற எல்லாம் வேறொரு செயன்முறைக்கு, அல்லது அடுத்த நாளைக்கு. சேமிப்பதற்கு, பல பக்கங்களை ஒரே கோப்பில் அடுக்கும் வார்க் வடிவமே பொருத்தமானது. பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று பதினைந்து இலட்சம் கோப்புகளை உண்டாக்கினால், அவற்றை வேறு வட்டுக்குப் பிரதி எடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

மூலப் பக்கத்தை வைத்திருப்பதற்கு எம் நாட்டுத் தளங்களுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பழைய இலங்கைத் தமிழ்த் தளங்கள் பல பாமினி எழுத்துருவில் இருந்தவை. அங்கே “தமிழ்” என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கும். மொழியைக் கண்டறியும் நிரல் அதைத் தமிழ் அல்ல என்று கழித்துவிடும். மூலம் கையில் இருந்தால் பின்னர் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

திரையில் எதையும் காட்டாமல் பின்னணியில் முழுப் பக்கத்தையும் இயக்கும் ஹெட்லெஸ் உலாவியைப் பாவிப்பதற்கு முன் பலமுறை யோசியுங்கள். அது ஒரு பக்கத்துக்கு எடுக்கும் நினைவகத்திலும் நேரத்திலும் சாதாரணக் கோரிக்கைகள் பலவற்றை முடித்துவிடலாம். உரை எச்டிஎம்எல்லுக்குள்ளேயே வரும் தளங்களுக்கு அது தேவையே இல்லை.

ஏழாம் படி: மின்வெட்டுக்கு ஆயத்தம்

மாரி காலத்தில் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 28 மணித்தியால ஓட்டம் இருபதாவது மணித்தியாலத்தில் நின்று, முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தால் மற்றப் படிகளில் மிச்சம் பிடித்த நேரம் எல்லாம் போய்விடும். வரிசைகளை நினைவகத்தில் மட்டும் வைக்காமல் வட்டில் எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு தடவை எழுதினால் வட்டே தடையாகிவிடும் என்பதால், ஓராயிரம் முகவரிகளுக்கு அல்லது சில வினாடிகளுக்கு ஒருமுறை தொகுப்பாக எழுதுங்கள். மின்சாரம் போனால் அந்தக் கடைசித் தொகுப்பு மட்டும் மறுபடி எடுக்கப்படும். யூபிஎஸ் இருந்தால் ரவுட்டரையும் அதில் கொழுவுங்கள்.

ஒரு கோடியைத் தாண்டும் வேலை என்றால், சிங்கப்பூரிலோ மும்பாயிலோ ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து, இங்கிருந்து கட்டுப்படுத்துவதே மலிவு.

எட்டாம் படி: பார்த்துப் பார்த்துக் கூட்டுதல்

பத்துக் கோரிக்கைகளில் தொடங்கி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குங்கள். வினாடிக்கான பக்கங்கள், பிழை வீதம், சராசரிப் பதில் நேரம் ஆகியவற்றுடன், இப்போதே தட்டக்கூடிய நிலையில் எத்தனை தளங்கள் உள்ளன என்பதையும் திரையில் ஓடவிடுங்கள். இந்தக் கடைசி எண்தான் நோயைச் சொல்லும். அது பூச்சியத்தை ஒட்டியே இருந்தால் உங்கள் தடை தளங்களின் எண்ணிக்கைதான். த்ரெட்டைக் கூட்டிப் பயனில்லை, புதிய தளங்களைச் சேருங்கள். அது உயர்ந்து நிற்க, சிபியூவும் சும்மா இருந்தால் கோரிக்கைகளைக் கூட்டலாம். சிபியூ நிரம்பி வழிந்தால் பிரித்தெடுக்கும் பகுதியைப் பாருங்கள். பதில் நேரம் எல்லாத் தளங்களிலும் ஒன்றாக ஏறினால் உங்கள் இணைப்போ டிஎன்எஸ்ஸோ முட்டிவிட்டது. ஒரு தளத்தில் மட்டும் ஏறினால் அந்தத் தளத்துக்குப் பாரமாகிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்த மாதம் அதே தளங்களுக்குத் திரும்பிப் போகும்போது, முதற்தடவை வந்த ஈடேக்கையும் (பக்கத்தின் பதிப்பைக் குறிக்கச் சேர்வர் தரும் அடையாளம்) மாற்றத் திகதியையும் சேர்த்து அனுப்புங்கள். மாறாத பக்கத்துக்கு அவற்றை ஆதரிக்கும் சேர்வர் 304 (மாறவில்லை) என்று மட்டும் பதில் தரும், உள்ளடக்கம் வராது.

இரவில் ஓடவிட்டுப் படுக்கப் போவதற்கு முன் நிறுத்தும் வழி ஒன்றையும் செய்துவையுங்கள். நிறுத்த வேண்டிய தளங்களின் பெயர்கள் ஒரு சிறு கோப்பில் இருக்கட்டும். கிரோலர் அதை நிமிடத்துக்கு ஒருமுறை வாசிக்கட்டும். ஒரு தளத்தார் மின்னஞ்சலில் முறையிட்டால், முழு ஓட்டத்தையும் நிறுத்தாமல் அந்தப் பெயரை மட்டும் கைத்தொலைபேசியில் இருந்தே அதில் சேர்த்துவிடலாம்.